ஓரத்தை மட்டும் தூக்கினேன்

மே 4, திங்கள்

இது போன வருட டைரி. அம்மாவுக்குத் தபால் ஆபீசில் யாரோ கொடுத்தது. அச்சடித்த கிழமைகள் பொருந்தவில்லை. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்தும் கோணல்.

நடந்ததை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை காலை அம்மா கடைசி ஊருக்குத் தபால் கொண்டுபோகும்போது, சாலையில் கொட்டிக்கிடந்த சரளைக்கல்லில் ஸ்கூட்டர் வழுக்கிவிட்டது. வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். நான் பார்க்கவில்லை. ஓடிவந்தவர்களிடம் அம்மா முதலில் சொன்னது, "அந்த ரிஜிஸ்தர் தபாலப் பொறுக்குங்க, காத்துல போயிரும்" என்பதுதானாம்.

அன்று மாலையே ஆபரேஷன். எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். அப்பா லாரியோடு குஜராத்தில் இருக்கிறார். திரும்பி வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதனால் டாக்டர் மீரான், பெரியம்மாவையும் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"எலும்பு சேந்துரும். அதப்பத்திக் கவலை இல்ல. வெளிய வந்து மண்ணுல பட்டிருக்கு பாருங்க, அதுதான் விஷயம். சீழ் புடிக்காமப் பத்து நாள் தாண்டிட்டா கால் நம்மளது."

"தாண்டலைன்னா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"தாண்டணும்மா," என்றார்.

ஐந்தாம் நாள் அவர்களே கட்டைப் பிரித்துப் பார்ப்பார்களாம். அதுவரை யாரும் பிரிக்கக் கூடாது. ராத்திரி பெரியம்மா துணைக்கு இருப்பாள், பகலில் நான்.

என் கழுத்தில் ஒரு சூட்டுக்கட்டி வந்திருக்கிறது. ஷால் உரசும்போது வலிக்கிறது. "லீவு விட்டதுல இருந்து மாம்பழமாத் தின்னா சூடு ஏறாம என்ன செய்யும்?" என்றாள் பெரியம்மா.

மே 5, செவ்வாய்

லீவுக்குப் படிக்கப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தை இன்று தொடங்கினேன். அட்டை கிழிந்து போனதால் பெயர் தெரியாது. கிருமிகளை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது பற்றிய புத்தகம். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். அங்கே அம்மாவின் கால் இருந்தது!

கிளாஸ்கோ என்ற ஊர். 1865. பதினோரு வயதுப் பையன் ஒருவன் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. அந்தக் காலத்தில் அப்படி முறிந்தால் சீழ் பிடிக்கும், காலை வெட்டுவார்கள், வெட்டின இடத்திலும் சீழ் பிடிக்கும். பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். காற்று கெட்டுப்போனதால் சீழ் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். லிஸ்டர் என்ற டாக்டர் மட்டும், பாஸ்டர் என்ற விஞ்ஞானி சொன்னதுபோல உயிருள்ள ஏதோ உள்ளே போவதால்தான் கெடுகிறது என்று நம்பினார். கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்துக் கட்டினார். 'நான்கு நாட்களுக்குப் பிறகு லிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சீழ் இல்லை. சீழ் வாடையும் இல்லை.' ஆறு வாரத்தில் பையனுக்கு எலும்பு சேர்ந்துவிட்டது.

இதை மூன்று முறை படித்தேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் என்றால் இந்தக் காலை சனிக்கிழமையே வெட்டியிருப்பார்கள். அந்தப் பையனின் காலுக்கு நன்றி என்று மனதுக்குள் சொன்னேன். காலுக்கு நன்றி சொன்ன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பார்த்தால்தானே தெரியும். லிஸ்டரும் பார்த்தார். சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை கை கழுவினேன், இரண்டு தடவை. துடைக்க டவல் இல்லை, ஷாலில் துடைத்துக்கொண்டேன். பிறகு கட்டின் மேல் பிளாஸ்திரி ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கினேன். பிரிக்கத்தான் கூடாது என்றார்கள். பிரிப்பது வேறு, ஓரத்தைத் தூக்குவது வேறு.

கவனிப்பு 1: கண்ணுக்குத் தெரிந்த தையல்கள் நான்கு. சிவப்பு இல்லை. வாடை மருந்து வாடை மட்டும்.

மே 6, புதன்

கவனிப்பு 2: மாற்றம் இல்லை. அம்மா தூக்கம்.

கட்டி உடைந்துவிட்டது. ஷாலில் கறை. வேறு ஷால் எடுத்து வரவில்லை.

மே 7, வியாழன்

இன்று ஐந்தாம் நாள். ரெஜினாள் சிஸ்டர் கட்டைப் பிரித்தார். சுவரில் மாட்டியிருக்கும் நீல மருந்தைக் கையில் அழுத்தித் தேய்த்து, கையுறை போட்டு, குறட்டால் பஞ்சை எடுத்து, விரலே படாமல் எல்லாவற்றையும் செய்தார். தையல்கள் மொத்தம் பதினொன்று. டாக்டர் குனிந்து பார்த்து, "அருமை, போஸ்ட்வுமன்," என்றார். அம்மா, "அப்போ எப்ப டூட்டிக்குப் போலாம் சார்?" என்றாள். டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். புதுக் கட்டுப் போட்டார்கள்.

அந்த நீல மருந்து சிஸ்டர்களுக்கு உரியது என்பதால் நான் தொடுவதில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஆவுடையக்கா இருக்கிறாள். பீடி சுற்றுகிறவள். துணி காயப்போட ஸ்டூலில் ஏறி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன். எனக்கும் அவளுக்கும் நன்றாகப் பொழுது போகிறது.

"ஏ வடிவு, அந்த புஸ்தகத்துல பீடி சுத்துத கைக்கு ஏதும் போட்டிருக்கா?"

"இல்லக்கா. கால் மட்டும்தான் இருக்கு."

"அங்கயும் உங்கம்மாவுக்குத்தான் யோகம். சரி, அந்தக் காலுக்கு என்ன போட்டிருக்கு, வாசி."

அந்தக் காலத்து டாக்டர்கள் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு ஆபரேஷன் செய்வார்கள், ரத்தம் காய்ந்து கோட்டு விறைத்துப்போயிருக்கும், எவ்வளவு கறையோ அவ்வளவு அனுபவம் என்று அதில் பெருமையும் உண்டு என்று வாசித்தேன்.

"அய்ய! நம்ம மூக்கையா கறிக்கடை மாதிரியா?"

"அதவிட மோசம்க்கா. கையே கழுவ மாட்டாங்களாம்."

ஆவுடையக்கா உடைந்த கையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்து, வாசலில் வந்த ரெஜினாள் சிஸ்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "தாயி, நீங்க கை கழுவுததுக்குக் கோடிப் புண்ணியம்."

"என்ன கொழுப்பு இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிஸ்டர் போய்விட்டார்.

கவனிப்பு 3 (மாலை): புதுக் கட்டு இறுக்கமாக இருக்கிறது. மேல் ஓரம் மட்டும்தான் தூக்க வருகிறது. மாற்றம் இல்லை.

மே 8, வெள்ளி

கவனிப்பு 4: மேல் ஓரத்தில் சிவப்பு, ஒரு விரல் அகலம். நேற்று இல்லை. கீழே தையல் பக்கம் சிவப்பு இல்லை. மருந்து பட்டுச் சிவந்திருக்கும். கார்பாலிக் பட்டு அந்தப் பையனின் தோலும் சிவந்ததாகப் புத்தகத்தில் இருக்கிறது.

அம்மா மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மே 9, சனி

அம்மாவுக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு.

டாக்டர் கட்டைப் பிரித்தார். இந்த முறை என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வாடை வெளியே வந்தது. பிறகு அம்மாவைச் சின்ன தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காயத்தைத் திறந்து கழுவினார்கள்.

"சீழ்தான்மா," என்று பெரியம்மாவிடம் சொன்னார் டாக்டர். "என்ன கிருமின்னு பாக்க லேபுக்கு அனுப்பியிருக்கோம். வளத்துப் பாத்துச் சொல்ல மூணு நாளாகும். அது வரைக்கும் பொதுவா ஒரு மருந்து போகும். காய்ச்சல் எறங்கலைன்னா, கிருமி கம்பி வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். அப்போ கம்பிய வெளிய எடுக்கணும்."

"கம்பிய எடுத்தா எலும்பு?"

"மறுபடி முதல்ல இருந்து. மாசக்கணக்காகும். கால் கட்டையாகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம், நான் மறைக்க விரும்பல."

பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அம்மா ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போகிறவள். ஸ்கூட்டர் போகாத தெருக்களுக்கு நடந்தே போவாள். மாடி ஏறுவாள். நாய்களை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். இதை எல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இன்று கவனிப்பு இல்லை.

மே 10, ஞாயிறு

பெரிய தியேட்டரை மூடிவிட்டார்கள். சீழ் எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை ஆபரேஷன் கிடையாது. சுவர், மேஜை, விளக்கு, கத்தி வைக்கும் டிரே எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். சிஸ்டர்கள் எல்லோர் கையிலும் மூக்கிலும்கூட எடுக்கிறார்கள். இந்த வேலைக்கென்றே ஒரு சிஸ்டர் இருக்கிறார். பெயர் ஜெபக்கனி. வார்டில் எல்லோரும் கிருமி சிஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள். அவருக்கும் அது தெரியும்.

வியாழக்கிழமை கட்டுப் போட்டது ரெஜினாள் சிஸ்டர் என்பதால், முடிவு வரும்வரை நோயாளிகளைத் தொடும் வேலை அவருக்கு இல்லை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்.

கிருமி சிஸ்டர் அம்மாவிடம் வந்தார்.

"நடுவுல கட்டை யாரும் தொட்டீங்களா? அரிச்சுதுன்னு சொறிஞ்சீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"பாப்பா, நீ?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டாள். "அவளா? புஸ்தகத்தை விட்டுத் தலையத் தூக்க மாட்டா சிஸ்டர். பக்கத்துல குண்டு விழுந்தாக்கூடத் தெரியாது."

சிஸ்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேள்விக்கு அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

மே 11, திங்கள்

காய்ச்சல் இறங்கவில்லை.

ஆவுடையக்காவின் ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. விரல்கள் வாழைக்காய் மாதிரி வீங்கியிருக்கின்றன. இன்று அவள் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. "அந்த நர்சு கையிலதான் என்னமோ இருக்கு, பாத்தாலே தெரியுது," என்று பெரியம்மா வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அப்போது ரெஜினாள் சிஸ்டர் நோட்டுகளோடு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

கை கழுவித்தானே பார்த்தேன். இருபது வரை எண்ணி, இரண்டு தடவை.

மே 12, செவ்வாய்

நிறைய எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு லேப் முடிவு வந்தது. டாக்டர் தாளை அம்மாவின் கட்டில் மேல் வைத்துவிட்டு அவள் நாடியைப் பார்த்தார். நான் எட்டிப் படித்தேன். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. ஒரு ஆர்தான் இருந்தது. ஆனால் அது இத்தனை நாள் அம்மாவுக்குப் போன மருந்துக்கு எதிரே இருந்தது.

"மருந்த மாத்திடுவோம்," என்றார் டாக்டர். "ஆனா மூணு நாள் போயிருச்சு. நாளைக்குக் காலைல கம்பிய எடுத்துரலாம்னு இருக்கேன். தியேட்டர்லயே உள்ள போயிருந்தா அது கம்பியோடதான் ஒட்டிட்டு இருக்கும். விட்டு வைக்கக் கூடாது."

அம்மா தலையாட்டினாள். "தபால் ஆபீசுல உக்காந்து முத்திரை குத்துத வேலையும் இருக்கு சார்," என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். அந்தப் பெயர் எங்கோ வந்தது நினைவிருந்தது. தேடினேன். அறுபத்தேழாம் பக்கம். பாஸ்டருடன் வேலை செய்த ஒருவருக்குத் தோலில் அடிக்கடி கட்டி வருமாம். பாஸ்டர் அந்தக் கட்டியின் சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தார். திராட்சைக் குலை மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகள். பிறகு, எலும்பில் சீழ் பிடித்த ஒரு நோயாளியின் சீழை எடுத்துப் பார்த்தார். அதே குலைகள். அப்போது அவர் சொன்னாராம்: இந்த எலும்பு நோய், எலும்பில் வந்த கட்டி. பின்னால் வந்தவர்கள் அந்தக் கிருமிக்கு வைத்த பெயர் ஸ்டஃபைலோகாக்கஸ்.

கட்டி.

என் கை கழுத்துக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினேன். எட்டு நாளாக அந்தக் கை எத்தனை தடவை அங்கே போயிருக்கும்? சூட்டுக்கட்டி என்று இந்த டைரியில் நானே எழுதியிருக்கிறேன். சூட்டால் வந்தது, மாம்பழத்தால் வந்தது, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவே இல்லை. கிருமிகளைப் பற்றி ஒரு முழுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு! கையைக் கழுவினேன். கழுவின கையைக் கட்டி உடைந்து ஒழுகின ஷாலில் துடைத்தேன்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். நான்கு நாட்களுக்குப் பிறகு. நான் 'பார்த்தார்' என்பதைப் படித்திருக்கிறேன். 'நான்கு நாட்கள்' என்பதைப் படிக்கவில்லை. நான்கு நாள் அவர் தொடாமல் இருந்தார்.

அம்மாவின் வார்டுக்கும் ஆபீஸ் அறைக்கும் நடுவில் பதினாறு ஜன்னல்கள். எண்ணிக்கொண்டே போனேன். டாக்டரும் கிருமி சிஸ்டரும் அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ரெஜினாள் சிஸ்டர் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்," என்றேன். "என் கழுத்துலயும் எடுங்க."

"என்னம்மா?"

ஷாலை விலக்கிக் காட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே தொடங்கி எங்கே முடித்தேன் என்று தெரியவில்லை. ரெஜினாள் சிஸ்டரின் ஸ்கேல் பாதிக் கோட்டில் நின்றுவிட்டது.

டாக்டர் கேட்டார், "எத்தன தடவ தூக்கின?"

"நாலு."

"எந்தெந்த நாள்? எந்தப் பக்கம்?"

இந்த டைரியை நீட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். நாலாவது கவனிப்பில் வந்ததும் உட்கார்ந்தார். மறுபடி படித்தார். "மேல் ஓரத்தில் சிவப்பு, ஒரு விரல் அகலம். கீழே தையல் பக்கம் சிவப்பு இல்லை," என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, கிருமி சிஸ்டரைப் பார்த்தார்.

"தோல்ல இருந்துதான் தொடங்கியிருக்கு. அதுவும் இவ தூக்கின ஓரத்துல இருந்து."

"அப்போ தியேட்டர் இல்ல சார்."

"தியேட்டர் இல்லைன்னா கம்பி வரைக்கும் இன்னும் போயிருக்காதுன்னு நம்ப எடம் இருக்கு." டைரியை என்னிடம் கொடுத்தார். "மருந்த மாத்திட்டு ரெண்டு நாள் பாப்போம். காய்ச்சல் எறங்கினா கம்பி இருக்கட்டும். எறங்கலைன்னா வேற வழியில்ல."

அந்தப் பக்கத்தில் டாக்டரின் பேனா அடிக்கோடு இருக்கிறது. அழிக்க மாட்டேன்.

கிருமி சிஸ்டர் பஞ்சுக் குச்சியால் என் கழுத்தில் எடுத்தார். வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது. நான் ரெஜினாள் சிஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தைரியம் இல்லை.

மே 13, புதன்

காய்ச்சல்: காலை 101.6, மத்தியானம் 101, மாலை 100.8. தெர்மாமீட்டரைத் தவிர எதையும் தொடவில்லை.

மே 14, வியாழன்

காலை 99.4!

மாலை 98.6. டாக்டர் சார்ட்டைப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார், மறுபடி சார்ட்டைப் பார்த்தார். "கம்பி இருக்கட்டும்," என்றார். இரண்டே வார்த்தை. பெரியம்மா அவரைக் கும்பிட, அவர், "என்னய ஏம்மா கும்பிடுதீங்க, மருந்தக் கும்பிடுங்க," என்றார். பெரியம்மா நிஜமாகவே சலைன் பாட்டிலைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது.

மே 15, வெள்ளி

என் கழுத்து முடிவும் வந்துவிட்டது. அதே கிருமி, அதே எஸ் வரிசை, அதே ஒரு ஆர். லேபில் இருக்கும் அக்கா கண்ணாடித் தட்டைக் காட்டினாள். வெல்லப்பாகைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்ததுபோல் பொன்னிறப் புள்ளிகள். "எல்லாம் உன் கழுத்துல இருந்து வந்தவங்கதான். ஹலோ சொல்லு," என்றாள்.

பிறகு வேறு தட்டுகளைக் காட்டினாள். தியேட்டரில் இருபத்தாறு இடங்களில் எடுத்தவை. எதிலும் ஒரு புள்ளி இல்லை. ரெஜினாள் சிஸ்டரின் கைத் தட்டில் தோலில் எப்போதும் இருக்கும் சாதுவான நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் மட்டும். அந்த வெறும் தட்டுகளை எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்றுமே வளரவில்லை. யாரோ தினமும் தேய்க்கிறார்கள், யாரோ கருவிகளை நீராவியில் வேகவைக்கிறார்கள், யாரோ மூட்டை கட்டித் தேதி எழுதுகிறார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வேலை செய்ததற்கு அடையாளமே அங்கே ஒன்றும் இல்லாததுதான்.

ரெஜினாள் சிஸ்டர் வார்டுக்குத் திரும்பிவிட்டார். பெரியம்மா எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய் தவறிட்டும்மா, மனசுல வச்சுக்கிடாத," என்றாள். நான் அவர் முன்னால் போய் நின்றேன். யோசித்து வைத்திருந்த வாக்கியம் மறந்துபோய்விட்டது.

"கையக் காட்டு," என்றார்.

நீட்டினேன். சுவரில் இருந்த நீல மருந்தை என் உள்ளங்கையில் அழுத்தினார். விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று என் கையைப் பிடித்து அவரே தேய்த்தார். சில்லென்று ஆவியானது. துடைக்க வேண்டியதே இல்லை.

"இது எல்லாருக்கும்தான் வச்சிருக்கு. போர்டுல எழுதியிருக்கே. அவ்வளவு பெரிய புஸ்தகம் படிக்குத, இந்தப் போர்ட படிக்கலையா?" என்றார். "இனிமே ஷால்ல கையத் தொடச்ச, உன்னையும் சேத்து நீராவில வச்சுருவேன்."

மன்னித்துவிட்டாரா என்று கேட்கவில்லை. கை மட்டும் வெகுநேரம் சில்லென்று இருந்தது.

மே 16, சனி

ஆவுடையக்காவின் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. என்னால்தான் அவளுக்கு ஐந்து நாள் தள்ளிப்போனது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வலிச்சுது பாத்துக்க," என்றாள். "ராத்திரில்லாம் வலிச்சுது."

"மன்னிச்சிருங்கக்கா."

"சும்மா மன்னிக்க முடியாது. எம் மவளுக்கு அடுத்த மாசம் பிரசவம். நீ வந்து வாசல்ல நிக்கணும். கை கழுவாம எவளும் பிள்ளையத் தூக்கக் கூடாது. எங்க மாமியா இருந்தாலும் விடாத. சரியா?"

சரி என்றேன். நிச்சயமாகப் போவேன்.

மே 18, திங்கள்

அம்மாவிடம் இன்றுதான் கேட்டேன். பெரியம்மா காபி வாங்கப் போயிருந்தாள். நான் தூக்கினது அம்மாவுக்குத் தெரியுமா என்று.

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ தூக்கும்போது உள்ள காத்து சில்லுன்னு படும்."

"நாலு தடவையுமா?"

"நாலு தடவையும்."

"ஏம்மா சொல்லல?"

"தூங்குத மாதிரிக் கெடந்து ஓரக்கண்ணால பாத்தேன். மூச்ச அடக்கிட்டு, கண்ண இடுக்கிட்டு, அவ்வளவு கவனமாப் பாத்த. பெரிய டாக்டர் மாதிரி. எனக்கு அதக் கண்ணத் தொறந்து கலைக்க மனசு வரல." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நானும் தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். "கிருமி சிஸ்டர் கேட்டப்ப உன்னயச் சொல்லக் கூடாதுன்னுதான் தோணிச்சு. பாவம், அந்தப் பிள்ள ரெஜினாள நெனைக்கவே இல்ல."

பெரியம்மா காபியோடு வந்து, "என்ன ரெண்டு பேரும் பரீட்சைல பெயிலான மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

மே 21, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பாவும் வந்துவிட்டார். தெருவில் லாரியை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடிவந்தவர், வாசல்படியிலேயே நின்றார். ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கி வந்திருந்த நீல மருந்தை நான் அவர் கையில் ஊற்றினேன். "சொந்தப் பொண்டாட்டியப் பாக்க பெர்மிட்டா?" என்றார். ஆனால் விரல் இடுக்கு விடாமல் தேய்த்தார்.

ஜூன் 13, சனி

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். பெயர் தெரியாததால் அட்டையில் ஒன்றும் எழுதவில்லை.

இன்றோடு ஆறு வாரம். கிளாஸ்கோ பையனுக்கு எலும்பு சேர்ந்த ஆறு வாரம். அம்மாவுக்கு இன்னும் ஆறு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். அந்த அதிகப்படி வாரங்கள் என்னுடையவை. எனக்கு அது தெரியும். ஆனால் எக்ஸ்ரேயில் முறிவின் குறுக்கே பனிமூட்டம் மாதிரி வெள்ளையாக ஏதோ தொடங்கியிருக்கிறது. அதுதான் புது எலும்பாம். மருந்தை நிறுத்திவிட்டார்கள். காயம் காய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது சாரல் விழுந்தது. அம்மா வாக்கரை ஊன்றி வாசலில் நின்று மலைப்பக்கம் பார்த்தாள். புதிதாக வந்திருக்கும் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். "மூலை வீட்டு நாய் கடிக்கும், பின்பக்கமாப் போங்க!" என்று கத்தினாள். "நான் வாரது வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவன் எம் பின்னால வாலாட்டிட்டு வருவான்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சேலையை முழங்கால் வரை ஏற்றினாள். தழும்பு நீளமாக, இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகளோடு இருந்தது. மேல் முனையில் மட்டும் கொஞ்சம் அகலம். ஒரு விரல் அகலம்.

"இப்பப் பாருட்டி," என்றாள் அம்மா. "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. நான் கண்ண மூட மாட்டேன்."

நான் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பார்த்தேன்.